ஏணிக்கு ஏன் பந்து இல்லை?

சம்பளத்துக்கு ஆடும் ஒரு கூடைப்பந்து அணியில் என் தோழி பிசியோதெரபிஸ்ட். இது அவள் சொன்ன கதை. நான் அங்கே இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

"கேப்டன் சார், ஒரு நிமிஷம். உங்களுக்கும் என் தம்பிக்கும் ஏதாவது சொத்துத் தகராறா?"

ஆட்டம் முடிந்து, உடைமாற்றும் அறைக்கு வெளியே பெஞ்சில் கேப்டனின் கணுக்காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள் தோழி. நிமிர்ந்து பார்த்தால், இடுப்பில் கைவைத்தபடி அக்கா.

அக்கா பஸ் கண்டக்டர். கடைசி சீட்டில் தூங்குகிறவரை முன்படியில் நின்றபடியே எழுப்பிவிடும் குரல்.

தம்பி, அணிக்குப் புதிதாக வந்த ஃபார்வர்டு. கூடைக்குப் பக்கத்தில் நின்று பந்தைப் போட வேண்டியவன். வளர்த்தியைப் பார்த்து எல்லாரும் 'ஏணி' என்றே கூப்பிடுவார்கள். அடுத்த சீசனுக்கும் அவனை வைத்துக்கொள்வதா, அனுப்பிவிடுவதா என்று கோச் அன்றைக்குத்தான் முடிவு சொல்வதாக இருந்தது.

"தகராறெல்லாம் இல்லக்கா" என்றார் கேப்டன்.

"அப்புறம் ஏன் அவனுக்குப் பந்தே தர மாட்டேங்கிறீங்க? கூடைக்குக் கீழ தனியா நிக்கிறான். நீங்க அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்ல."

"கவனிக்கலக்கா."

"கவனிக்கலயா? வாசல்ல குனிஞ்சு வர்றவன் சார் அவன்!"

கேப்டன் சிரித்தார். சிரித்திருக்கக் கூடாது.

"வெளியூர் மேட்ச்ல மட்டும் தர்றீங்க. அங்க அவன் பாயின்ட்டா அள்ளிட்டு வர்றான். எனக்கு டூட்டி, போய்ப் பார்க்க முடியல. நான் வர்ற உள்ளூர் மேட்ச்ல மட்டும் கைதட்டு பூரா உங்களுக்கே வேணும். அதானே?"

"அதுவும் ஒரு காரணம்தான்க்கா. என் மாமியார் பார்க்க வர்றாங்க. வீட்ல மரியாதை கிடைக்க எனக்கு வேற வழியில்ல."

"சொல்ல வெக்கமா இல்ல?"

"கொஞ்சம் இருக்கு."

தோழிக்கும் பல நாளாக இதே சந்தேகம்தான். கேப்டன் வாயாலேயே வந்துவிட்டது. கட்டை ஒரு சுற்று இறுக்கிச் சுற்றினாள்.

அப்போது கோச் வெளியே வந்தார்.

"வந்துட்டீங்களாம்மா? ஏணி நம்ம டீம்லயே இருக்கான். அடுத்த சீசன்ல முதல் அஞ்சு பேர்லயே இறங்குறான்."

அக்காவின் குரல் இறங்கிவிட்டது. அது அபூர்வம் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும்.

"இங்க ஒரு பாயின்ட்கூட எடுக்காதவனை எப்படி சார்..?"

"அதுக்குத்தான்மா! பந்து பந்துன்னு பறக்குற ஃபார்வர்டு எனக்கு எத்தனையோ பேர் கிடைப்பான். இவன் பந்து வரலன்னு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கல. எதிராளி வழியில சுவர் மாதிரி நின்னு மத்தவனுக்கு இடம் பண்ணித் தர்றான். கூடையில பட்டுத் திரும்புற பந்தை எல்லாம் நம்மாளு பக்கம் தட்டி விடுறான். வந்தப்ப இது எதுவும் தெரியாது. இப்ப இதுதான் அவன் வேலை."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேப்டன் பக்கம் திரும்பினாள்.

"பார்த்தீங்களா? நீங்க பட்டினி போட்டும் என் தம்பி வளர்ந்துட்டான்."

"ஆமாக்கா. தப்புதான்."

அக்கா போனை எடுத்துச் சொந்தக்காரர்களுக்குச் செய்தி சொல்லிக்கொண்டே போனாள். வண்டி நிறுத்துமிடம் வரைக்கும் கேட்டது.

"உங்களை நல்லவர்னு நெனச்சேன் கேப்டன்" என்றாள் தோழி.

"நினைச்சுக்கங்க, நினைக்காம போங்க டாக்டர். கட்டை மட்டும் கொஞ்சம் தளர்த்துங்க."

கதவு திறந்து ஏணி தலையை மட்டும் நீட்டினான்.

"அண்ணே, அக்கா போயிட்டாங்களா? ரொம்பத் திட்டிட்டாங்களா? நானே உண்மையைச் சொல்லிடுறேன்ண்ணே."

"உள்ள போடா."

"என்ன உண்மை?" என்றாள் தோழி.

ஏணி தலையைக் குனிந்துகொண்டான். அப்போதுதான் மற்றவர்கள் உயரத்துக்கு வந்தான்.

"அக்கா வர்ற மேட்ச்ல எனக்குப் பந்து தராதீங்கன்னு நான்தான் அண்ணன்கிட்ட கேட்டேன். என்னை வளர்த்ததே அவங்கதான். எந்திரின்னா எந்திரிப்பேன், படின்னா படிப்பேன். இங்க பந்து கைக்கு வந்ததும் 'போடுடா'ன்னு கத்துறாங்க. நான் எங்க நிக்கிறேன்னு பார்க்கறதுக்குள்ள கை போட்டுடுது."

"இதை அவங்ககிட்டயே சொல்லிடலாமே?"

"சொன்னா வர்றதை நிறுத்திடுவாங்க" என்றார் கேப்டன். "வாரத்துல கிடைக்கிற ஒரே லீவு அவங்களுக்கு. அதுல இதுதான் சந்தோஷம். என்னைத் திட்டுனா திட்டட்டும். என் மாமியாரைவிடவா திட்டிடப் போறாங்க?"

தோழி கட்டைத் தளர்த்தினாளாம்.

எனக்கு மட்டும் ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது. அத்தனை கூச்சலில் ஒரு குரல் தனியாகக் கேட்குமா? ஏணி கேப்டனிடம் அப்படிக் கேட்பதற்கு முன் நடந்த, அந்த சீசனின் முதல் உள்ளூர் ஆட்டத்து வீடியோவைத் தேடிப் பார்த்தேன்.

கேப்டன் ஏணிக்குப் பந்து தருகிறார். வர்ணனையாளரையும் மீறிக் கேட்கிறது, "போடுடா!" ஏணி தன் அணி காக்கும் கூடைக்குக் கீழே நின்றபடியே மைதானத்தின் மறுகோடிக்குப் போடுகிறான். பந்து யாரோ ஒருவர் மடியில் போய் விழுகிறது.

உடனே அதே குரல்: "பாஸே சரியில்ல, கேப்டன்!"

கேப்டன் கூட்டத்தைப் பார்த்துக் கையைத் தூக்கி, தப்பு தன்னுடையதுதான் என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டுகிறார்.