விண்கலத்தில் தங்கியவள்

எபிக்கு நாடகத்தில் மனசு செல்லவில்லை. விழா முடிந்ததும் மகளிடம் அந்த விஷயத்தை எப்படி ஆரம்பிப்பது என்றே யோசித்துக்கொண்டிருந்தான்.

குவைத்தில் நர்ஸாக இருக்கும் அவன் மனைவி ஜெரூஷா இந்தக் கிறிஸ்துமஸோடு ஊருக்கே வந்துவிடுவதாக இருந்தது. இப்போது அது நடக்காது. காண்ட்ராக்டை இன்னும் ஒரு வருஷம் நீட்டிவிட்டாள். மகள் ஹெப்சியிடம் இதை இன்னும் யாரும் சொல்லவில்லை. மூன்றாவது படிக்கிற பிள்ளை, எப்படித் தாங்கும்?

மேடையில் நிலவு தயார். தெர்மோகோல் மேல் கோலமாவைக் கொட்டியிருந்தார்கள். மனிதன் நிலவில் இறங்கிய நாளைத் தாம்பரத்தின் அந்தப் பள்ளிக்கூடம் வருஷா வருஷம் விடாமல் கொண்டாடும்.

விண்வெளி வீரர்கள் மூன்று பேர். இரண்டு பேர் இறங்குவார்கள். மூன்றாவது ஆள் மேலே தனியாகச் சுற்றிக்கொண்டிருந்து, அவர்களைத் திரும்பக் கூட்டி வர வேண்டும்.

அந்த மூன்றாவது ஆள்தான் ஹெப்சி. விண்கலம் என்பது வெள்ளித்தாள் ஒட்டிய வாஷிங் மெஷின் அட்டைப்பெட்டி.

உள்ளே போனவளின் தலைமுடிகூடத் தெரியவில்லை. மறைமலை நகர் ஃபேக்டரியில் பெர்மிஷன் போட்டு, பெற்ற பிள்ளையைப் பார்க்க அடித்துப் பிடித்து ஓடி வந்தவனுக்கு இது தேவைதான்.

இறங்கிய பையன்கள் கொடியை நட்டார்கள். கைதட்டல் கூரையைப் பிளந்தது. அந்தக் குஷியில் விண்கலத்துக்குத் திரும்ப வேண்டும் என்பதையே மறந்து, மேடையிலிருந்து குதித்து நேராக அம்மாக்களிடம் ஓடிவிட்டார்கள்.

அடுத்தது கும்மி. பாட்டே போட்டாயிற்று. பெட்டியை யாரோ ஓரமாகத் தள்ளிவிட்டார்கள்.

எபிக்குப் பகீரென்றது. இந்நேரம் அழுது அழுது மூச்சுத் திணறியிருக்குமே! கும்மிக்கு நடுவிலேயே மேடையேறி மூடியைத் திறந்தான்.

ஹெப்சி முழங்காலைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் வியர்வை.

“பயந்துட்டியாம்மா? உன்ன யாரு இந்தப் பார்ட்ல போட்டது?”

“நான்தான்ப்பா மிஸ்கிட்ட கேட்டு வாங்குனேன்.” தூக்கச் சொல்லி இரண்டு கையையும் நீட்டினாள். “நீங்க அம்மாகூட போன்ல பேசுனதக் கேட்டேன். தனியா இருக்க முடியுதான்னு பாத்தேன். முடியுதுப்பா. அம்மாவ இன்னும் ஒரு வருஷம் இருந்துட்டே வரச் சொல்லுங்க.”