கியர் விளக்கு

டாஷ்போர்டு மூடியை மாமா வெங்காயம் நறுக்கும் கத்தியால் நெம்பிக்கொண்டிருந்தார்.

ஷெட் வாசலில் நின்று பார்த்தவனுக்குப் பொறுக்கவில்லை. மாமா என்றால் அக்காவின் புருஷன். அவனோ இருபது வருடமாகக் கார் எலெக்ட்ரீஷியன். ஒயரில் கோளாறு என்றால் ஊரில் பாதிப்பேர் அவனைத்தான் தேடி வருவார்கள். இந்த ஒரு மனிதரின் கண்ணுக்கு மட்டும் அவன் தெரியவில்லை.

அக்காதான் போன் போட்டு வரச்சொன்னாள்.

பதினைந்து வருடமாக மாமா கட்டிக்கொண்டு அழும் பழைய ஸ்போர்ட்ஸ் கார் அது. இரண்டே சீட்டு. மேல்மூடி கிடையாது.

இப்போது அதற்கு ஒரு விளக்கு வாங்கியிருக்கிறார். கட்டைவிரல் தண்டிக்கு ஒரு குழல். இன்ஜின் வேகம் ஏறி, கியர் மாற்றும் நேரம் வந்தால் சிவப்பாக எரியும். ரேஸ் ஓட்டுகிறவன் மாட்டுகிற சாமான். மாமா இந்தக் காரில் காய்கறி வாங்கப் போவார்.

பட்டென்று ஒரு கிளிப் உடைந்தது. மாமா அதை எடுத்து, தங்கக் காசு மாதிரி சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அவன் பின்னாலிருந்து ஆரம்பித்தான். ஒயரைப் பல்லால் கடித்துத் தோலுரிக்கிற இன்ஜினியரை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்றான். டேப் சுற்றியிருக்கும் லட்சணத்துக்கு, கால் ஒடிந்தவன்கூட இதைவிட நன்றாகக் கட்டுப் போட்டுக்கொள்வான் என்றான்.

மாமா திரும்பவில்லை.

கல்யாணமான நாளிலிருந்து இதே திமிர்தான். பெரிய படிப்புப் படித்தவர். ஒயர் பிடிக்கிறவனுக்கு வாய் திறந்து பதில் சொல்லிவிடுவாரா? அக்காவும் இப்போதெல்லாம் அதைத்தான் சொல்லிப் புலம்புகிறாள். கூப்பிட்டால் என்னவென்று கேட்கிற மனுஷனில்லையாம்.

“இன்ஜின் சத்தம் கேட்டு கியர் மாத்தத் தெரியாதா? அதுக்கு ஒரு விளக்கா? அப்ப காது எதுக்கு இருக்கு, கண்ணாடி மாட்டவா?”

மாமா கடைசி ஸ்க்ரூவை முறுக்கினார். விளக்கு கோணலாக நின்றது. சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து சாவியைத் திருப்பினார்.

இன்ஜின் உறுமியது.

விளக்கையே பார்த்தபடி ஆக்சிலேட்டரை மிதித்தார். எரியவில்லை. இன்னும் மிதித்தார். ஷெட்டின் தகரம் அதிர்ந்தது.

அவனுக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. ஒயரை இடம் மாற்றிக் கொடுத்திருக்கிறார். இந்த ஜென்மத்தில் அது எரியப்போவதில்லை.

உறுமல் அலறலாயிற்று. காலை எடுங்கள் என்று கத்தினான். மறுபடியும் கத்தினான். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

மாமா நிதானமாக இன்னும் கொஞ்சம் மிதித்தார்.

இன்னொரு நிமிடம் போனால் இன்ஜினே போய்விடும். அவன் பாய்ந்து போய், கதவுக்கு மேலாகக் கையை விட்டு சாவியைத் திருப்பி அணைத்தான்.

மாமா தூக்கிவாரிப்போடத் திரும்பினார். அவனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“அட, வா மாப்ள. எப்ப வந்தே? ஏன் நிறுத்திட்ட, விளக்கு இன்னும் எரியலையே?”

முக்கால் மணி நேரமாக இங்கேதான் நிற்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தான். மாமாவின் பார்வை அவன் கண்ணுக்கு வரவில்லை. அவன் உதட்டிலேயே நின்றது, ஒரு சொல்கூடத் தப்பிவிடக் கூடாது என்பதுபோல.

அவன் கோணலாக நின்ற விளக்கைப் பார்த்தான், பிறகு மாமாவின் காதைப் பார்த்தான்.

மாமாவின் சிரிப்பு மெல்லக் கரைந்தது. கிட்டே வரும்படி கையசைத்தார். ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கும் குரலில் சொன்னார்.

“உங்கக்காவுக்கு இன்னும் தெரியாது.”

வீட்டுக்குள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது.