விழுந்த குச்சி

எங்கள் அதிரடி மெட்டல் இசைக்குழு போட்டதிலேயே மெதுவான பாட்டு அது. முதல் பாதி முழுக்க ரெக்ஸ்லின் கண்ணை மூடிக்கொண்டு பாடுவான், துணைக்கு ஒரே ஒரு கிட்டார். டிரம் வாசிக்கிற நான் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். ரெக்கார்டிங்கில் அப்படி உட்கார்ந்திருந்தபோது, அவன் மூச்சு வாங்கிய இடத்தில் என் கையிலிருந்த குச்சி நழுவித் தரையில் விழுந்தது. டொக். "பாட்டையே கெடுத்துட்டியே ஷைனி!" என்று கத்தினான். "இருக்கட்டும். அந்த எடத்துக்கு அதான் வேணும்" என்றேன். கேட்காமல் மறுபடி பாடிப் பார்த்தான். டொக் இல்லாமல் பாட்டு செத்துக் கிடந்தது. பழையதையே வெளியிட்டோம். அதன்பிறகு எந்த ஊர் மேடையானாலும் அந்த இடம் வந்ததும் கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொள்ளும். நான் குச்சியை உயரத் தூக்கி விரலை விடுவேன். டொக். ஊரே அலறும். பேய் வேகத்தில் நான் அடித்த மற்ற பாட்டெல்லாம் ஒருத்தருக்கும் ஞாபகமில்லை. நேற்று மேடையில் புதுக் கம்பளம் விரித்திருந்தார்கள். குச்சி விழுந்தது, சத்தமே வரவில்லை. ரெக்ஸ்லின் பாடாமல் திரும்பி என்னைப் பார்த்தான். முன்வரிசையில் யாரோ நாக்கைச் சொடுக்கினார்கள். டொக். அடுத்த நொடி மைதானம் மொத்தமும் ஒரே நாக்காகச் சொடுக்கியது. "பாடவா?" என்று உதட்டை அசைத்துக் கேட்டான் ரெக்ஸ்லின். "இரு" என்றேன். அவ்வளவு பெரிய டிரம் அதுவரை என் கைக்கு வந்ததில்லை. மற்றக் குச்சியையும் உயரத் தூக்கினேன்.