கட்டம் போட்ட பாவாடை

பரிசளிப்பு விழா தொடங்க இன்னும் கால் மணி நேரமே இருந்தது. சுந்தரியின் பாவாடையைக் கண்டதும் தலைமையாசிரியை ஞானசௌந்தரி அம்மாளின் புருவம் மேலேறிற்று.

சிவப்பு, நீலம், மஞ்சள் கட்டங்கள். லுங்கித் துணி.

விழா நாளில் மட்டும் மாணவியர் வண்ண உடை உடுத்தலாம் என்பது, சித்தூரில் அந்த மிஷன் பள்ளியின் விதி. லாரிக்காரர்கள் உடுத்தும் துணியை உடுத்தலாம் என்று அவ்விதி எங்கும் கூறவில்லை.

போதாக்குறைக்கு, சாயம் இறங்கியிருந்தது. வெள்ளை ரவிக்கையின் ஓரத்தில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு சிவப்புக் கறை.

"மாவட்டத்திலேயே முதலாவதாக வந்தவள் மேடையில் இந்தக் கோலத்திலா நிற்பது? பின் தாழ்வாரத்துக்குப் போ. உன் பரிசு நாளைக்கு வகுப்பில் தரப்படும்."

சுந்தரி போனாள். அழவில்லை. அழுவதற்கும் அந்தப் பள்ளியில் அனுமதி பெற வேண்டும்.

மகள் மேடையேறுவதைக் கண்ணாரக் காண வேண்டுமென்று நகரியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்த நெசவாளி செங்கல்வராயன், துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கெஞ்சினார்.

"வேற பாவாட இல்ல டீச்சரம்மா. நாலு தபா தொவச்சித்தான் கட்டிக்கினு வந்துச்சி."

"ஐந்தாம் முறையும் துவைத்திருக்க வேண்டும்" என்றார் அம்மாள்.

வாசலில் கார் வந்து நின்றது. அமெரிக்காவிலிருந்து வந்த சிறப்பு விருந்தினர் இறங்கினார். முழங்காலுக்குக் கீழே இறங்கிய கவுன்.

சிவப்பு, நீலம், மஞ்சள் கட்டங்கள்.

"எங்க ஊட்டுக்காரர் இதத்தான் கட்டிக்கினு தூங்கறாரு" என்று தையல் டீச்சர் ஜெயசீலி வாய்க்குள் முணுமுணுத்தாள். அம்மாள் திரும்பிப் பார்த்த பார்வையில் அந்த முணுமுணுப்பு பாதியில் நின்றது.

அம்மாளோ வியந்துபோயிருந்தார். என்ன அடக்கம்! கண்ணுக்கு இதமான என்ன வண்ணச் சேர்க்கை! உடுக்கத் தெரிந்தவர்கள் மேனாட்டார்தாம். அதைப் பிழையற்ற ஆங்கிலத்தில் விருந்தினரிடம் சொல்லியும் விட்டார்.

விருந்தினர் பூரித்தார். இது எங்கள் ஊரின் புதுப்பாணி, பெயர் 'மெட்ராஸ்' என்றார்.

மெட்ராஸில் நான்கு ஆண்டுகள் தங்கிப் பட்டம் பெற்றவர் அம்மாள். அங்கே அப்படியொரு துணி உண்டு என்பதை அமெரிக்காவிலிருந்து ஒருவர் வந்து சொல்லித்தான் தெரிந்துகொண்டார்.

துவைக்கத் துவைக்கச் சாயம் இறங்கும், ஒரு வண்ணம் இன்னொன்றில் கலக்கும், அதுதான் இதன் அழகு என்று விருந்தினர் விளக்கினார். சாயம் இறங்கும் என்று கடைக்காரர் எழுத்திலேயே உறுதி தருவாராம். இறங்காவிட்டால் துணியைத் திருப்பிக் கொடுத்துவிடலாமாம்.

அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டு கட்டங்களை இன்னொரு முறை பார்த்தார்.

விதி எல்லோருக்கும் ஒன்றே. சிறப்பு விருந்தினரைத் தாழ்வாரத்துக்கு அனுப்ப இயலாது. ஆகவே, தாழ்வாரத்தில் நிற்பவளை மேடைக்கு அழைப்பதே முறை.

"ஜெயசீலி, சுந்தரியை அழைத்து வா."

பரிசுப் புத்தகத்தைக் கொடுத்த விருந்தினர், சுந்தரியின் பாவாடையைக் கண்டு குனிந்தார். அதன் ஓரத்தை இரு விரலால் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார். இரக்கத்தோடு தலையசைத்து ஆங்கிலத்தில் சொன்னார்: "பாவம், யாரோ இவளை ஏமாற்றியிருக்கிறார்கள். இது அசல் மெட்ராஸ் அல்ல. சாயம் சரியாக இறங்கவே இல்லையே."

மொழிபெயர்ப்புக்காக அரங்கம் காத்திருந்தது. பின்வரிசையில் செங்கல்வராயன் எழுந்தே நின்றுவிட்டார்.

ஒரு காற்புள்ளி பிசகினாலும் கட்டுரையைத் திருப்பிக் கொடுத்துவிடும் ஞானசௌந்தரி அம்மாள், தொண்டையைச் செருமிக்கொண்டு மொழிபெயர்த்தார்: "பாவாடை மிக நன்றாக இருக்கிறது என்கிறார்."

கைதட்டல் ஓய வெகுநேரமாயிற்று.

விழா முடிந்ததும் செங்கல்வராயன் கைகூப்பிக்கொண்டு வந்தார். முகத்தில் மகிழ்ச்சி இருந்தது. அதைவிட அதிகமாகக் குழப்பம் இருந்தது.

"அந்தம்மாவே நல்லாக்கீதுன்னு சொல்லிச்சே. அப்பறம் இன்னாத்துக்கு டீச்சரம்மா, சாயம் சரியா போவலன்னு நான் நெய்ஞ்ச துணிய அமெரிக்காக்காரங்க திருப்பி அனுப்பிட்டாங்க? அதுல வெட்னதுதான் இந்தப் பாவாட."