கட்டம் கட்டமாய் ஒரு மாப்பிள்ளை

“செருப்பை வெளியே விட்டுட்டு வாங்க அண்ணாச்சி. தூசி பட்டா மிஷின் படுத்துக்கிடும்.”

வருகிற எல்லோரிடமும் சுப்புராஜ் சொல்வது இதுதான். 1997-ல் ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் அவனுடைய டி.டி.பி. சென்டரில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு புது ஸ்கேனர், ஒரு ஏசி. ஏசி மிஷினுக்காகப் போட்டது. அந்தக் குளிர் ஆகாமல் முதலாளி சுப்புராஜ் கம்பளிக் குல்லாவோடு உட்கார்ந்திருப்பான்.

செருப்பைக் கழற்றிவிட்டு வந்த பெரியவர் தங்கச்சாமி, ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். மடியிலிருந்து ஒரு போட்டோவை எடுத்தார்.

“எம் மகளுக்கு வந்திருக்கிற மாப்பிள்ளை, தம்பி. வெள்ளிக்கிழமை பொண்ணு பாக்க வாராங்க. படம் அசலா, இல்ல கம்ப்யூட்டர்ல ஏதும் பூசி மெழுகியிருக்கான்னு பாத்துச் சொல்லணும்.”

சுப்புராஜுக்கு ஏசியிலும் வேர்த்தது. சுருட்டை முடியோடு சிரித்த அந்தப் படம் போன மாதம் இதே மிஷினில் தயாரானது. செய்தவனும் அவனேதான்.

“அதெல்லாம் சொல்ல ஏலாது அண்ணாச்சி. டிபிஐ பத்தாது.”

“அப்படின்னா?”

அவர் கேட்டிருக்கக் கூடாது. ஸ்கேனரோடு வந்த புத்தகத்தில் படித்ததை நாலு பேரிடம் அளக்காவிட்டால் சுப்புராஜுக்குச் சோறு இறங்காது.

“ஒரு அங்குலத்தை எத்தனை புள்ளியா மிஷின் படிக்குதுங்கிற கணக்கு. அதைக் கூட்டுனா நுணுக்கமாத் தெரியும். அதைத்தான் ரெசல்யூஷன்னு சொல்றது.”

“அப்பக் கூட்டுங்க.”

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான். படத்தை ஸ்கேனரில் கவிழ்த்து வைத்து மூடினான். உள்ளே விளக்கு ஊர்ந்து போனது. திரையில் நெற்றி பெரிதாகிப் பெரிதாகி, முடியெல்லாம் கட்டம் கட்டமாக உடைந்தது.

“இந்தக் கட்டம் ஒவ்வொண்ணும் ஒரு பிக்சல். ஒரு கட்டத்துக்கு ஒரு கலர்தான்.”

தங்கச்சாமி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“ஏன் தம்பி, இந்தச் சுருளும் அந்தச் சுருளும் அச்சு அசலா ஒண்ணுபோல இருக்கு?”

இப்படி ஒரு வேலை மதுரையில்கூட எவனும் செய்ய மாட்டான் என்று போன மாதம் சுப்புராஜ் தன்னைத்தானே மெச்சிக்கொண்டிருந்தான். இப்போது மௌஸை நகர்த்தி அந்த இரண்டு சுருளையும் திரையை விட்டுத் தள்ளப் பார்த்தான்.

“எம் மக செல்லக்கனி பெருசா ஒண்ணும் கேக்கல தம்பி. ‘ஆளு எப்படி இருந்தாலும் சரிப்பா, படத்துல இருக்கிற ஆளே நேர்லயும் வரணும். முதல்லயே ஏமாத்துறவன் வேண்டாம்’னுட்டா.”

பொய் சொன்னால் அந்தப் பெண் ஏமாந்து போவாள். உண்மையைச் சொன்னால் கல்யாணம் நிற்கும். சுப்புராஜ் மௌஸை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினான்.

“ஒட்டு வேலைதான் அண்ணாச்சி. காதோரம் கிடந்த முடியை எடுத்து மேல ஒட்டியிருக்கு. செஞ்சது நான்தான். ஒரே சுருளைத் திரும்பத் திரும்ப ஒட்டக் கூடாதுங்கிற புத்திகூட இல்லாத மடையன் நான்.”

தங்கச்சாமி கோபப்படவில்லை.

“அப்ப அந்த முடியை எடுத்துட்டு, அடியில இருக்கிறதைக் காட்டுங்க.”

“மிஷினால முடியாது. மேல இருக்கிறதைத்தான் ஸ்கேனர் படிக்கும். அடியில இருந்த பிக்சல் போனது போனதுதான்.”

“வேற வழியே இல்லையா?”

“இருக்கு” என்று எழுந்த சுப்புராஜ், தலையிலிருந்த குல்லாவைக் கழற்றினான். “இம்புட்டுதான் அண்ணாச்சி.”

ட்யூப்லைட் வெளிச்சத்தில் பளபளத்த அந்த வழுக்கைத் தலையை ஆற அமரப் பார்த்துவிட்டு, தங்கச்சாமி போட்டோவை மடியில் செருகிக்கொண்டார்.

“இது உங்க கடைன்னு தெரிஞ்சுதான் பஸ் ஏறினேன், மாப்பிள்ளை. வெள்ளிக்கிழமை வரும்போது குல்லா வேண்டாம். எங்க வீட்டுல ஏசி கிடையாது.”