பெரிய சறுக்குமரம்

"போனை லாக்கர்ல வச்சுட்டு வாங்கப்பா. கையில வச்சிருந்தா மேல விட மாட்டாங்க," என்றாள் மகள்.

அவன் காதில் வாங்கவில்லை. போன் திரையைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தான். எந்த அழைப்பும் வந்திருக்கவில்லை.

பழைய கிடங்கு ஒன்றுக்குள் பந்துத் தொட்டியும் கயிற்று ஏணியும் இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு சறுக்குமரமும் வைத்து விளையாட்டுக்கூடம் ஆக்கியிருந்தார்கள். கட்டணம் கையைக் கடிக்கவில்லை. அந்த ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் அங்கேதான் இருந்தார்கள் போல, காது கிழிகிற இரைச்சல்.

வெளிநாட்டுக்குச் சுற்றிப் பார்க்கத்தான் வந்திருக்கிறோம் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருந்தான். அம்மா தன் பழைய சிநேகிதி வீட்டுக்குப் போயிருக்கிறாள், நாலு நாள் தங்கிவிட்டு வருவாள் என்று கூசாமல் இன்னொரு பொய்யும் சொல்லியிருந்தான். உண்மையில் இரண்டு தெரு தள்ளியிருந்த ஆஸ்பத்திரியில் அவளைக் காலையிலேயே ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். வயிற்றில் கட்டி. எடுத்துப் பார்த்தால்தான் நல்லதா கெட்டதா என்று தெரியும்.

ஆஸ்பத்திரிக்குள் பிள்ளைகளை விட மாட்டார்கள். தங்கியிருந்த அறையிலேயே கிடக்கலாம் என்றால், இந்தக் கூடத்துக்குப் போயே ஆகவேண்டும் என்று மகள் ஒற்றைக் காலில் நின்றாள். முடிந்ததும் கூப்பிடுகிறோம் என்று நர்ஸ் சொன்னதை நம்பிக் கிளம்பி வந்துவிட்டான்.

வந்த பிறகு நிம்மதியாக ஒரு மூலையில் இருந்து கவலைப்படக்கூட வழியில்லை. பிள்ளைகள் இருவரும் அவனைப் பந்துத் தொட்டிக்குள் தள்ளினார்கள். வலைக்குள் தவழவிட்டார்கள். ஓரமாக ஒரு பெஞ்சைப் பார்த்து உட்கார்ந்தால் போதும், "அக்கா, அப்பா உக்காந்துட்டாரு," என்று பொடியன் கூடமே கேட்கும்படி கத்துவான். அக்காக்காரி எங்கிருந்தாலும் ஓடி வந்து கையைப் பிடித்து இழுப்பாள்.

இத்தனைக்கும் ஊஞ்சல் கொஞ்சம் வேகமாக ஆடினாலே இறக்கிவிடச் சொல்கிறவள் அவள். இங்கே அந்த இரண்டு மாடிச் சறுக்குமரத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டு தனியாக இறங்கினாள். கீழே வந்தபோது உதடெல்லாம் வெளுத்திருந்தது. "இன்னொரு தடவை போலாம்பா, நீங்களும் வாங்க," என்றாள். ஊர் மாறினால் பிள்ளைகளின் புத்தியும் மாறிவிடும் போல என்று அவன் அலுத்துக்கொண்டான்.

இப்போது மறுபடியும் கையைப் பிடித்து இழுத்தாள். "தம்பியைத் தனியா விட மாட்டாங்களாம். எழுந்திரிங்கப்பா."

"ஆபீஸ்லேர்ந்து முக்கியமான போன் வரும். சொன்னா புரிஞ்சுக்க."

"அதையே பாத்துட்டு இருந்தா மட்டும் வந்துடுமா?"

அவனுக்குச் சுருக்கென்றது. "பெத்தவன் என்ன பாடுபடறான்னு கொஞ்சமாவது தெரியுதா? உனக்கு உன் விளையாட்டுதான் பெருசு," என்று கத்திவிட்டான். பக்கத்துப் பெஞ்சிலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மொழி புரியாவிட்டாலும் கோபம் எல்லோருக்கும் புரிகிறது.

மகளின் முகம் சுண்டிப்போனது. ஆனாலும் பிடித்த கையை அவள் விடவில்லை. "ஒரே ஒரு தடவைப்பா," என்றாள்.

கத்தியது அவன் மனசைப் பிசைந்தது. போனை லாக்கரில் போட்டுப் பூட்டிவிட்டு மேலே ஏறினான். பொடியனை மடியில் வைத்துக்கொண்டான். மகள் பின்னாலிருந்து அவன் இடுப்பைக் கட்டிக்கொள்ள, மூன்று பேரும் சறுக்கினார்கள். குடல் தொண்டைக்கு ஏறியது. அந்த ஒரு நொடி ஆஸ்பத்திரி மறந்துபோனது, மறந்ததற்காகத் தன்மேலேயே எரிச்சலும் வந்தது.

திரும்பி வந்து லாக்கரைத் திறந்தால், ஆஸ்பத்திரியிலிருந்து தவறிய அழைப்புகள் வரிசை கட்டி நின்றன. அவனுக்கு உயிரே போய்விட்டது. பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு அந்த எண்ணை அழுத்தினான்.

நர்ஸ் நிதானமாகத்தான் பேசினாள். கட்டியை முழுசாக எடுத்தாயிற்றாம். சோதித்தும் பார்த்துவிட்டார்களாம், பயப்படும்படியான கட்டி இல்லையாம். மயக்கம் தெளிந்துவிட்டது, இதோ அவரே பேசுகிறார் என்றாள்.

காலையிலிருந்து பிடித்து வைத்திருந்ததெல்லாம் அங்கேயே உடைந்தது. லாக்கர் வரிசையில் சாய்ந்து, ஒரு கையால் முகத்தை மூடிக்கொண்டு, தோள் குலுங்க அழுதான்.

"என்னங்க..." மனைவியின் குரல் பிசிறடித்தது. "நான் நல்லாத்தான் இருக்கேன். போனைப் பொண்ணுகிட்ட குடுங்க."

"அவளுக்கு ஒண்ணும் தெரியாது," என்று கிசுகிசுத்தான். "நீ சிநேகிதி வீட்டுல இருக்கறதா சொல்லி வச்சிருக்கேன்."

"பரவால்ல, குடுங்க."

அவன் கொடுப்பதற்குள் மகளே கை நீட்டி வாங்கிக்கொண்டாள். "ரொம்ப வலிக்குதாம்மா?" என்று கேட்டாள்.

அவன் திகைத்துப்போய் முகத்திலிருந்து கையை எடுத்தான். மறுமுனையில் அம்மா என்ன கேட்டாளோ, மகள் அவனை ஏற இறங்க ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இப்பதாம்மா அழறாரு. நீ சொன்ன மாதிரியே, இவ்வளவு நேரம் நாங்க அழ விடவே இல்ல."