எதிரே வரும்போது

பெட்டியில் துண்டு துண்டாக வந்ததை ஒன்பது மாதம் சாப்பாட்டு மேசையில் பரப்பிவைத்து சவரிமுத்து ஒட்டிய ரிமோட் விமானம், வற்றிய ஏரிக்கு மேலே ஒரு சுற்று அழகாகத்தான் போனது. திரும்பி அவரை நோக்கி வரத் தொடங்கியதும்தான் சிக்கல். எதிரே வருகிற விமானத்துக்கு இடது, நிற்கிறவருக்கு வலது. அது அவர் தலைக்குத் தெரியும், விரல்களுக்குத் தெரியாது. முந்தைய மூன்று விமானங்களும் இந்தத் திருப்பத்தில்தான் மண்ணைக் கவ்வின. மூன்றையும் கூட்டி அள்ளியவள் மனைவி பிலோமினா. இப்போதும் ஓர் இறக்கை சாய்ந்தது. ரிமோட்டின் குச்சியை அவர் தள்ளத் தள்ள, இன்னும் சாய்ந்தது.

பசை நாற்றம் என்று அந்த மேசைப் பக்கமே வராதவள், ஏரிக்கரையிலிருந்து ஓடிவந்து அவர் தோள்களைப் பிடித்து ஒரே திருப்பாகத் திருப்பினாள்.

"ஏங்க, அதுக்கு முதுகைக் காட்டி நில்லுங்க! கழுத்தை மட்டும் திருப்பிப் பாருங்க!"

விமானம் பார்க்கும் திசையையே இப்போது அவரும் பார்த்து நின்றார். அதன் இடது அவருக்கும் இடதாகிவிட்டது. இறக்கை நிமிர்ந்தது. தலைக்கு மேலே இரைந்துகொண்டு போன விமானம், முன்னால் காய்ந்த புல்லில் இறங்கி, இரண்டு முறை துள்ளி, உருண்டு நின்றது. ஒரு சக்கரம்கூடக் கழலவில்லை.

பிலோமினா பெருமூச்சு விட்டு, அவர் தோளிலிருந்து கையை எடுக்கப் போனாள்.

"எடுக்காத பிலோ," என்றார் சவரிமுத்து. "இன்னும் உருளுது."

விமானத்தின் ஓய்ந்துபோன முன்விசிறியின் மேல் ஒரு தும்பி வந்து உட்கார்ந்திருந்தது.